தேருக்கு முட்டுக்கட்டை, காருக்கு ஜாக்கி ஸ்டாண்டு



நீளமான பதிவு இது. ரிட்டையர் ஆன டீச்சருக்கு மணி அடிக்க ஆள் கிடையாது, பாடவேளை நீண்டுகொண்டே போகும். சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

இன்றைய பாடம் கார் ஜாக்கியின் வரலாறு. "டீச்சருக்கும் ஜாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். என் அப்பா லாரி டிரைவர் என்பது உறவுகளுக்குத் தெரியும், மாணவர்கள் பலருக்குத் தெரியாது. டால்மியாபுரத்தில் 1939-லேயே சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிப் பிழைத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிரீஸ் வாசனையில் வளர்ந்தவள் நான்.

இன்னொரு காரணம் நீங்கள்தான். கொரோனா வந்து ஊர் அடங்கிக் கிடந்த காலத்திலிருந்து உங்களில் பலர் வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறீர்கள், பிரேக் பேடு மாற்றுகிறீர்கள், டயரை இடம் மாற்றிப் போடுகிறீர்கள். துபாயில் ஒருவன், சிங்கப்பூரில் ஒருவன், துறையூர் ரோட்டில் ஒருவன். கைவேலை தெரிந்த பிள்ளைகளைப் பார்க்க எனக்குப் பெருமைதான். ஆனால் குழுவில் நீங்கள் போடும் படங்களில் காருக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. பக்கத்தில் ஒற்றை ஜாக்கி நிற்கிறது, வேறு எதுவும் இல்லை. அந்தப் படங்களுக்கு நான் லைக் போடுவதில்லை. ஏன் என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தது கங்கைகொண்ட சோழபுரம் வரை போய்விட்டது.

முதலில் தேரிலிருந்து தொடங்குகிறேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் தேரையோ சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் தேரையோ பார்க்காதவர் நம்மில் யார்? வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்ப்போம். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடக்கும் ஆட்களை யாரும் கவனிப்பதில்லை. தேர் அசைய மறுக்கும்போது பின்சக்கரத்துக்கு அடியில் நீளமான மரத்தைக் கொடுத்து நெம்புகிறவர்கள் சிலர். சில ஊர்களில் அந்த மரத்தைச் சன்னை என்பார்கள். இன்னும் சிலர் கையில் ஆப்பு வடிவக் கட்டையுடன் சக்கரத்தை ஒட்டியே போவார்கள். தேர் நிற்க வேண்டிய இடத்தில் அந்தக் கட்டை சக்கரத்துக்கு முன்னால் விழும். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் தேர் திரும்பும். அதுதான் முட்டுக்கட்டை.

பாவம், அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் கெட்ட பெயர் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே" என்கிறோம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கட்டை அது!

இதில் கவனிக்க வேண்டியது, நெம்புகிற ஆள் வேறு, கட்டை போடுகிற ஆள் வேறு. பாரத்தை அசைப்பது ஒரு வேலை, அசையாமல் நிறுத்துவது இன்னொரு வேலை என்று நம் முன்னோர் ஆளைப் பிரித்தே வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்தது. சுமார் 300 டன் எடை சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. அதற்குப் பிறகும் முட்டுக்கட்டைக்காரர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இன்றும் கட்டையோடு கூடவே நடக்கிறார்கள்.

பாரத்தை மேலே ஏற்றுவது என்றால் நம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொல்லாமல் முடியாது. ராஜேந்திர சோழன் எழுப்பிய அந்த விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் சுற்றுலா கூட்டிப்போகும்போது நீங்கள் கேட்ட கேள்விதான். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிச் சாரப்பள்ளத்திலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்று ஒரு வாய்வழிக் கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதற்குள் இருக்கும் அறிவியல் உண்மை. நேராகத் தூக்க முடியாததைச் சரிவில் தள்ளி ஏற்றலாம். தூரம் கூடும், உழைப்பு நீளும், ஆனால் ஒரு நேரத்தில் கொடுக்க வேண்டிய விசை குறையும். சாய்தளம் என்று பலகையில் முக்கோணம் வரைந்து காட்டுவேனே, அதேதான். (அந்தக் கோயிலின் திருச்சுற்று மதில் கல்லை 1836 வாக்கில் கொள்ளிடத்துக் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மக்கள் தடுத்துப் பார்த்தார்களாம். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லி, அதையும் கட்டவில்லை என்று பழைய ஆங்கிலக் குறிப்பே சொல்கிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது.)

அந்தச் சாய்தளத்தை எடுத்து ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டினால் என்ன கிடைக்கும்? திருகு. முக்கோணக் காகிதத்தைப் பென்சிலில் சுற்றிக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஜாக்கியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 13-ம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் வில்லார்ட் தெ ஒன்னெகூர் தன் ஓவியக் குறிப்பேட்டில் பாரம் தூக்கும் திருகு எந்திரம் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார். லியோனார்டோ டாவின்சியின் தாள்களிலும் திருகு ஜாக்கி இருக்கிறது.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜாக் என்பது இங்கிலாந்தில் நம்மூர் முனியன், குப்பன் போல ஏவல் ஆளுக்குப் பொதுப்பெயர். கூடமாட வேலை செய்யும் ஆளுக்குப் பதிலாக வந்த கருவிகளுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார்கள். நம் நாக்கு அதற்கு ஓர் இகரம் சேர்த்து ஜாக்கி ஆக்கிவிட்டது. குதிரை ஓட்டுபவர், பனியன், சீன நடிகர் எல்லாரும் இப்போது ஒரே பெயரில் நிற்கிறார்கள்.

திருகு ஜாக்கியின் பெரிய சாகசம் அமெரிக்காவின் சிகாகோவில் நடந்தது. சதுப்பு நிலத்தில் கட்டிய ஊர், சாக்கடை ஓட வழியில்லை, காலரா. தெருவை உயர்த்தினால்தான் கழிவுநீர்க் குழாய் போட முடியும். தெருவை உயர்த்தினால் வீடெல்லாம் பள்ளத்தில் போய்விடும். அதனால் வீடுகளையே உயர்த்தினார்கள். 1860-ல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்களை 600 பேர் சுமார் 6,000 திருகு ஜாக்கிகளை வைத்து 5 நாளில் 4 அடி 8 அங்குலம் தூக்கினார்கள். ஒரு ஆளுக்குப் பத்து ஜாக்கி. எல்லாரும் ஒரே சமயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். கட்டடத்துக்குள் கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது.

இதைப் படித்து வியந்தவர்கள் இப்போது சென்னைக்குப் போனாலே பார்க்கலாம். ரோடு மேலே மேலே ஏறி வீடு பள்ளமாகிப் போனவர்கள், ஹரியானா ஆட்களைக் கூப்பிட்டு நூற்றுக்கணக்கான ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்கள். பார்க்கப் போனால் ஜாக்கியைப் பார்க்காதீர்கள், செங்கல்லைப் பாருங்கள். தூக்கத் தூக்க அடியில் கட்டிக்கொண்டே வருவார்கள். வீட்டின் பாரம் கடைசியில் உட்காருவது புதிய கட்டுமானத்தின் மேல். ஜாக்கியெல்லாம் லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஈபிள் கோபுரத்துக்கும் இதே கதைதான். அதன் கால்களைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவர ஹைட்ராலிக் ஜாக்கி வைத்தார்கள், மட்டம் வந்ததும் இரும்புத் தகடுகளைச் செருகிப் பாரத்தை அவற்றின் மேல் இறக்கினார்கள்.

ஹைட்ராலிக் என்றதும் பாஸ்கல் விதி. இரண்டு ஊசிக்குழாய், நடுவில் சலைன் டியூப், உள்ளே நீல மை கலந்த தண்ணீர். சின்னக் குழாயை ஒரு விரலால் அழுத்தினால் பெரிய குழாய் மேலே எழும்பும். மையைச் சட்டையில் கொட்டிக்கொண்டு வீட்டில் அடி வாங்கியவன் இந்தப் பதிவையும் படிக்கிறான். மூடிய திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்னார். சின்ன உந்துதண்டு 1 சதுர சென்டிமீட்டர், பெரியது 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ அழுத்தம் 200 கிலோவைத் தூக்கும். கைப்பிடியின் நெம்புகோல் அதற்கு மேல் ஊதியம். 1795-ல் ஜோசப் பிராமா என்ற இங்கிலாந்துக்காரர் இதை வைத்து அழுத்து எந்திரம் செய்து காப்புரிமை வாங்கினார். 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜியன் என்பவர் தூக்கிச் செல்லக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். லாரிக்காரர்கள் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி அதன் வாரிசு.

இந்த இரண்டு வகை ஜாக்கிக்கும் குணம் வேறு. திருகு ஜாக்கி, கையை எடுத்தாலும் தானாக இறங்காது. மரையின் உராய்வு பிடித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் காருடன் வரும் கத்தரி ஜாக்கி குறுகிய அடியுடன் உயரமாக நிற்கும், பக்கவாட்டில் ஒரு தள்ளு வந்தால் சாயும். ஹைட்ராலிக் ஜாக்கியில் பாரம் முழுவதும் எண்ணெயின் மேல் நிற்கிறது. அந்த எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது ஒரு சின்ன வால்வும் சில ரப்பர் வளையங்களும். வளையம் தேய்ந்தாலோ வால்வில் ஒரு தூசி உட்கார்ந்தாலோ பாரம் இறங்க ஆரம்பிக்கும். ஒன்று சாயும், மற்றது இறங்கும். இரண்டையும் செய்தவர்கள் தூக்குவதற்காகத்தான் செய்தார்கள்.

காரோடு ஜாக்கி எப்படிச் சேர்ந்தது என்பது தனிக் கதை. ஆரம்ப காலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் ரோட்டோரம் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்டி மாட்ட வேண்டும். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தோடு சேர்த்துக் கவ்வும்படி காற்றடித்த டயருடன் ஒரு வளையம் செய்து விற்றார்கள். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொல்லை எப்போதோ மறந்துவிட்டார்கள். பாடாலூர் பஞ்சர் கடையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது! "ஸ்டெப்னி இருக்கா சார்?" என்று கேட்கும் தம்பிக்கு, தான் வேல்ஸ் நாட்டுத் தெருப்பெயரைச் சொல்கிறோம் என்று தெரியாது.

ஸ்டெப்னி வந்ததும் அதை மாட்ட ஜாக்கியும் காரோடு வந்தது. அம்பாசடர் டாக்சி காலத்திலும், 1983-ல் மாருதி 800 வந்த பிறகும் அந்த ஜாக்கியின் வேலை ஒன்றுதான். நட்டை ஏற்கனவே தளர்த்தி வைத்து, ஒரு மூலையைத் தூக்கி, சக்கரத்தை மாற்றி, இறக்குவது. பத்து நிமிட வேலை. வண்டிக்கு அடியில் ஆள் போவது அதன் கணக்கிலேயே இல்லை.

அடியில் போகும் வேலைக்கு வேறு ஏற்பாடு இருந்தது. பஸ் டெப்போக்களில் பள்ளம் வெட்டி மேலே வண்டியை நிறுத்துவார்கள். வாட்டர் சர்வீஸ் கடைகளில் இருக்கும் லிப்டுக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டி. 1920-களில் சலூன் நாற்காலி மேலே எழும்புவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாம். முடி வெட்டப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூரை 2001-ல் பிரித்தார்கள், 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிய மாவட்டம் தமிழ்நாட்டிலேயே அதுதான் என்று நினைக்கிறேன். இதற்கிடையில் அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் பெருகின, டிப்பர் லாரிகள் பெருகின. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும் வந்துவிட்டது. லாரி இருக்கும் ஊரில் பட்டறை இருக்கும். பட்டறை இருக்கும் ஊரில், எட்டாவதோடு நின்றுபோன நம் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள்.

அப்படி நின்றுபோன ஒருவன், பெயர் வேண்டாம், என்னிடம் ஆறாவது படித்தவன். கணக்கு வராது, ஆனால் பள்ளியின் தையல் எந்திரம் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவோம். ஒரு ரோட்டோரப் பட்டறையில் சேர்ந்து நல்ல கைராசிக்காரன் என்று பேர் எடுத்தான். ஐப்பசி மாதம், நல்ல மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது. டிப்பர் லாரிக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாற்றப் பாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு உள்ளே போனான். கட்டை கொடுக்கவில்லை. ஜாக்கி உடையவில்லை, எண்ணெய் கசியவில்லை. ஜாக்கிக்கு அடியில் இருந்த மண் ஒரு பக்கம் ஒதுங்கியது, அவ்வளவுதான். அவனுக்கு வயது 22. அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்பார்.

மண்ணைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பெரும்பகுதி கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற மண். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே காய்ந்து கல் மாதிரி தெரியும், நாலு விரற்கடை கீழே இன்னும் களியாக இருக்கும். கார் நிற்கும்போது நான்கு அகலமான டயர்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, மண் தாங்குகிறது. ஜாக்கி வைத்ததும் ஒரு மூலையின் பாரம், சிறிய காருக்கே 250 கிலோவுக்குக் குறையாது, உள்ளங்கை அளவு இரும்புத் தட்டில் இறங்குகிறது. அந்தத் தட்டு 4 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்றால் 12 சதுர அங்குலம். அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி கனமான பலகை போட்டால் 144 சதுர அங்குலம். அழுத்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். வகுத்தல் கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். ஆனாலும் மண் தரையில் அடியில் போகும் வேலையே வேண்டாம். சிமெண்ட் போட்ட, சரிவில்லாத தரை வேண்டும். வீட்டு வாசல் பெரும்பாலும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் பூசியிருக்கும், அதையும் பாருங்கள்.

சிலர் டிராலி ஜாக்கி வாங்கி வைத்திருக்கிறீர்கள். நல்ல சாமான்தான். அதன் கை நேராக மேலே போகாமல் வளைவாகப் போகும். அதனால் கார் எழும்பும்போது ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் உருண்டு உள்ளே நகர வேண்டும், அதற்குத்தான் சக்கரம். மணலிலோ ஜல்லியிலோ வைத்தால் அது உருளாது, அதற்குப் பதிலாகக் காரை இழுக்கும். இழுபட்ட கார் தலையிலிருந்து நழுவும்.

அடுத்து ஹேண்ட் பிரேக். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் டீச்சர்" என்று தைரியமாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். நீங்கள் தூக்குவதே பின்பக்கம் என்றால் அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? சரி, கியரில் விடுகிறேன் என்பீர்கள். முன்சக்கர ஓட்டக் காரில் முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கினாலும் கியர் பிடி போய்விடும். காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வேண்டுமே, அதற்காக வைத்த பல்சக்கர அமைப்பு. ஒரு சக்கரம் தரையை விட்டதும் அது இஷ்டத்துக்குச் சுற்றி, தரையில் இருக்கும் மற்ற சக்கரத்தையும் விடுவித்துவிடும். ஆட்டோமேட்டிக் காரின் பார்க்கிங் நிலைக்கும் இதே கதிதான். ஆகவே பிரேக்கும் போடுங்கள், கியரும் போடுங்கள், ஆனால் நம்ப வேண்டியது முட்டுக்கட்டையை. தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. தேருக்குச் செய்ததையே செய்கிறோம்.

ஜாக்கி வைக்கும் இடம் காரின் கையேட்டில் படம் போட்டே இருக்கும். பல கார்களில் முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் கதவுக்கு அடியில் ஓடும் விளிம்பில் இரண்டு சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். அங்கேதான் தகடு கனமாக இருக்கும். ஆயில் தொட்டிக்கு அடியில் வைத்து அதை நசுக்கிவிட்டு, "ஆயில் மாற்றப் போய் என்ஜின் செலவு ஆகிவிட்டது" என்று அழுத உறவுக்காரர் ஒருவர் உண்டு. அவர் பெயரையும் சொல்லவில்லை. வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. வாசலில் பேரன் பேத்தி விளையாடினால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

தூக்கியாயிற்று. இனித்தான் தாங்குகிற வேலை. அதற்கு ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வேண்டும், ஜோடியாக, ஒரே உயரத்தில். மூன்று அல்லது நான்கு காலில் அகன்று நிற்கும், பல்லில் மாட்டியோ கனமான ஊசி செருகியோ உயரம் வைக்கலாம். காரை அதன் மேல் மெதுவாக இறக்கி, ஜாக்கியைத் தொட்டும் தொடாமலும் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். பிறகு வெளியே நின்றபடி காரைக் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2020-ல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற கடைக்காரர்கள் விற்ற பல லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. பல் சரியாகக் கவ்வாமல் பாரத்தோடு திடீரென்று இறங்கக்கூடும் என்று தெரியவந்தது. அதற்கு மாற்றாக வந்தவற்றில் சிலவற்றுக்கு வெல்டிங் குறை. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டில் கிடக்கும் ஸ்டாண்டின் எண்ணை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் அனுபவசாலிகள் கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்துக் காரின் விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். எல்லாம் கைவிட்டாலும் சக்கரத்தின் தடிமனுக்காவது இடைவெளி மிஞ்சும்.

செங்கல் அடுக்கலாமா, ஹாலோ பிளாக் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். சிமெண்ட் ஊர்க்காரி நான் சொல்கிறேன், சிமெண்டுக்கு அந்த வேலை தெரியாது. சுவராகப் பரவலாக நிற்கும்போது எவ்வளவும் தாங்கும். ஒரு இரும்பு விளிம்பு ஒரே புள்ளியில் உட்கார்ந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் பொடியாகிவிடும். மரம் அப்படி இல்லை. நசுங்கும், முனகும், விரிசல் விடும், ஓட நேரம் கொடுக்கும். தேருக்கு மரக்கட்டையை வைத்தவர்கள் அதைத் தெரிந்துதான் வைத்திருப்பார்கள்.

ஸ்டாண்டு வாங்க மனம் வராதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆயில் மாற்றுவதற்கு மட்டும் என்றால் தூக்கவே வேண்டாம். கடையில் இரும்புச் சாய்தளம் ஜோடியாக விற்கிறது. முன்சக்கரம் இரண்டையும் மெதுவாக ஓட்டி அதன் மேல் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டால் போதும். சக்கரம் கழற்றும் வேலைக்கு அது உதவாது. சோழன் காலத்து வழிதான், வாங்கும்போது காரின் எடைக்குத் தகுந்ததா என்று மட்டும் பாருங்கள். ஏற்றும்போது வெளியே ஒருவர் நின்று வழி சொல்ல வேண்டும்.

என் அப்பா லாரியில் எப்போதும் நான்கு புளியங்கட்டை வைத்திருப்பார். ஆப்பு வடிவம், மேல்பக்கம் கயிறு கட்டி இழுத்து எடுக்க ஓர் ஓட்டை. எவ்வளவு அவசரமானாலும் முதலில் அதைத்தான் இறக்குவார், அப்புறம்தான் ஜாக்கி. கிளீனர் பையன் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொட்டால் அன்று அவனுக்குச் சோறு கிடையாது, திட்டுத்தான் கிடைக்கும். லாரியை விற்றபோது ஜாக்கியை அதோடு சேர்த்துக் கொடுத்தவர், கட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு செல்லரித்துப் போயின. மீதி இரண்டு என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன.

அவற்றை அளவுக்குக் கொடுத்து மர அறுவை மில்லில் காருக்குத் தகுந்த மாதிரி சிறியதாகப் பன்னிரண்டு கட்டை அறுக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய புளிதான், பச்சை மரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு மருமகனுக்கு, தீபாவளிக்கு வரும்போது டிக்கியில் வைத்து அனுப்புவேன். மீதி எட்டு இருக்கிறது. காருக்கு அடியில் கால் மட்டும் தெரிகிற படம் போட்ட இரண்டு பேர், யார் என்று உங்களுக்கே தெரியும், வீட்டுக்கு வந்து ஆளுக்கு நான்கு வாங்கிக்கொண்டு போங்கள். வரும்போது போன் செய்துவிட்டு வாருங்கள், திங்கள், வெள்ளி நான் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விடுவேன்.